பெயர் எழுதியவர்: சயாம் மரண ரயில் புனைவுகளில் உயிர்பிழைத்தலின் கதை

கெடா மாநிலத்துத் தோட்டங்களில் வளர்ந்த முதியோரிடம் குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது ‘சயாமுக்குப் போனவர்’ என்னும் தொடரை நாம் தவறாமல் எதிர்கொள்கிறோம். பெரியப்பா சயாமுக்குப் போனவர், பாட்டியின் முதல் கணவர் சயாமுக்குப் போனவர் என்று பேச்சு செல்லும். இத்தொடரிலுள்ள ‘போனவர்’ என்ற வினையாலணையும் பெயர் கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் தாமாகப் போகவில்லை, போக வைக்கப்பட்டார். ஆயினும் பேச்சு வழக்கு அவரையே எழுவாயாக்கி, அனுப்பியவரை வாக்கியத்திலிருந்து நீக்கிவிட்டது. கேள்வியை இன்னும் நெருக்கிக் கேட்டால் ‘பேர் எழுதினாங்க, கூட்டிக்கிட்டுப் போனாங்க’ என்பதே மறுமொழியாக வரும். எழுதியவர் யார் என்பதற்கு விடை வராது. வந்தால் குரல் தாழும். தமிழில் எழுவாய் தோன்றாமலே வாக்கியம் முற்றுப்பெறும் என்பதை இலக்கண ஆசிரியர்கள் தோன்றா எழுவாய் எனக் கற்பிப்பர். சயாம் மரண ரயிலைப் பற்றிய நம் நினைவும் அதைச் சார்ந்து எழுந்த புனைவுகளும் இந்தத் தோன்றா எழுவாயின்மீதே பெரிதும் நிற்கின்றன என்பது நம் கருத்து. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதே வாரத்தில் கெடாவின் வடபகுதியிலுள்ள ஜித்ராவில் பிரிட்டிஷ் இந்தியப் படை முறியடிக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த தம் படைக்குத் தரைவழியாகப் பொருள் அனுப்பவேண்டிய தேவை ஜப்பானியருக்கு எழுந்தது. அதற்காகச் சயாமின் பான்போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில்பாதை காட்டையும் மலையையும் அறுத்து அமைக்கப்பட்டது. 1942இன் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகை அதைப்போல் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். இறந்தோர் தொகையைப் பொறுத்தவரை ஜப்பானியர் தந்த கணக்கும் போருக்குப் பின் பிரிட்டிஷார் மதிப்பிட்ட கணக்கும் ஒத்துப்போவதில்லை. வேறுபாடு ஆயிரக்கணக்கில் இருக்கிறது. வெள்ளைக்காரக் கைதியின் மரணம் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டதும் தமிழ்த் தொழிலாளியின் மரணம் தோராயமாக மதிப்பிடப்பட்டதும் தற்செயலன்று.

கெடாவுக்கு இக்கதையில் தனித்த ஓர் இடம் உண்டு. சிலாங்கூரிலிருந்தும் பேராக்கிலிருந்தும் ஆளேற்றிய சரக்குப் பெட்டிகள் சுங்கைப் பட்டாணி, குரூண், அலோர் ஸ்டார் என்று கெடாவின் நிலையங்களைக் கடந்தே பாடாங் பெசார் எல்லையை அடைந்தன. அதைக் காட்டிலும் வியப்பான செய்தி வேறொன்று. 1943 ஆகஸ்டில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஜப்பானியர் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் தாய்லாந்துக்கு அளித்தனர். அவ்வாண்டு அக்டோபர் 17இல் ரயில்பாதையின் இருமுனைகளும் கொன்கொய்தாவில் இணைந்தன. மறுநாள் கெடா முறைப்படி தாய்லாந்தின் ஆட்சிக்குள் சென்றது. சயாமுக்குப் போனவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறியாது லயத்து வாசலில் காத்திருந்தவளும் அன்றுமுதல் சயாமின் ஆட்சியில்தான் இருந்தாள். போர் முடியும்வரை இந்நிலை நீடித்தது. கடாரம் என்றவுடன் இராசேந்திர சோழனின் கடற்படையை நினைவுகூரும் நம் மேடைகள் இதை நினைப்பதில்லை. புனைவெழுத்தாளர் கையில் தானாக வந்து விழுந்திருக்கவேண்டிய முரண் இது.

இனி, ஒப்பீட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து உயிர்பிழைத்தலைப் பற்றிய இலக்கியம் என்றவுடன் உலகம் யூதர்களின் அடைப்புக் குடியிருப்புகளையே முதலில் எண்ணுகிறது. கெட்டோ என வழங்கப்படும் அக்குடியிருப்புகளுள் பெரியது வார்சா நகரத்தில் இருந்தது. 1940 நவம்பரில் மதிலெழுப்பி அடைக்கப்பட்ட அந்நகர்ப்பகுதிக்குள் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நெருக்கப்பட்டனர். பட்டினியும் டைஃபஸ் காய்ச்சலும் நாள்தோறும் ஆட்களைக் கொண்டுபோயின. சிறுவர்கள் மதிலின் இடுக்குகள் வழியாக வெளியே சென்று ரொட்டியும் உருளைக்கிழங்கும் கடத்திவந்தனர். 1942 ஜூலை 22ஆம் நாள் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கான நாடுகடத்தல் தொடங்கியது. இரு மாதங்களுக்குள் ஏறத்தாழ 265,000 பேர் அங்கே அனுப்பப்பட்டனர்.

இதனையும் சயாம் ரயிலையும் ஒன்றெனக் கூறுவது வரலாற்றுக்கு இழைக்கும் பிழையாகும். நாஜிகளின் நோக்கம் ஓர் இனத்தை இல்லாதொழிப்பது. ஜப்பானியரின் நோக்கம் வேலை. தொழிலாளியின் உயிரைப் பற்றிய அக்கறையின்மையே சயாமில் கொலையாகியது. இவ்வேறுபாட்டை மறந்து, ‘நமக்கும் ஓர் இன அழிப்பு’ என்று உணர்ச்சிவயப்படும் சில கட்டுரைகளோடு நாம் உடன்படவில்லை. ஒப்பீடு பயன்படுவது வேறிடத்தில்: துன்பத்தில் சிக்கிய ஒரு சமூகம் தன்னைப் பற்றிய சான்றை எவ்வாறு விட்டுச்செல்கிறது, அச்சான்றில் தன்னவரின் குற்றத்துக்கு எவ்வளவு இடம் தருகிறது என்ற இடத்தில்.

வார்சா கெட்டோவில் இம்மானுவேல் ரிங்கெல்பிளூம் என்னும் வரலாற்றாசிரியர் ஒரு மறைமுகக் குழுவை அமைத்தார். ஆசிரியர், எழுத்தாளர், சமயகுரு எனப் பலரும் அதில் சேர்ந்து நாட்குறிப்பு, பங்கீட்டுச் சீட்டு, பள்ளிக் கட்டுரை, கடிதம், சுவரொட்டி என்று கையில் கிடைத்த அனைத்தையும் திரட்டினர். தாம் பிழைக்கப்போவதில்லை என்பது தெளிவான பின்பு அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கொண்டுசெல்லும் பெரிய கலங்களிலும் இட்டு மண்ணில் புதைத்தனர். 1944இல் ரிங்கெல்பிளூம் கொல்லப்பட்டார். 1946இல் பெட்டிகளும் 1950இல் பாற்கலங்கள் இரண்டும் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டன. குழுவினர் எதையெல்லாம் எழுதினர் என்பது நம் ஆய்வுக்கு முக்கியமானது. எதிரியின் கொடுமையை மட்டுமன்றிக் கெட்டோவுக்குள் இயங்கிய யூதக் காவலரின் கொடுமையையும், பணமுள்ளோரின் கண்மூடித்தனத்தையும் பதிந்து வைத்தனர். அழிந்துகொண்டிருந்த வேளையிலும் அவர்கள் தம்மவரைத் தூய்மைப்படுத்திக் காட்ட முயலவில்லை.

சயாம் ரயில்பாதையில் பாற்கலம் புதைக்க எவரும் இருக்கவில்லை. தோட்டப் பள்ளிகளில் சில ஆண்டுகள் படித்தவர் தவிர, கொண்டுசெல்லப்பட்டோரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தாளும் இல்லை, மருத்துவரும் இல்லை. போர்க்கைதிகளிடையே இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்கள் நாட்குறிப்பு எழுதினார்கள். ஓவியர்கள் மறைவாகப் படம் வரைந்தார்கள். 1943இல் வாந்திபேதி பரவிய பின்னரே சிங்கப்பூரிலிருந்து கே, எல் என எழுத்திட்டு அழைக்கப்பட்ட கைதி மருத்துவக் குழுக்கள் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. ஆகவே தமிழ்த் தொழிலாளி எழுத்தில் முதலில் தோன்றுவது மற்றவரின் குறிப்பேட்டில்தான்: பெயரற்றவராக, நோயாளியாக, பிணமாக.

புனைவிலும் அதுவே நடந்தது. குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய பிரெஞ்சு நாவல் 1952இல் வெளிவந்தது. அதை எழுதிய பியேர் பூல் போருக்கு முன்னர் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் பணியாற்றியவர். தமிழ்த் தொழிலாளரை அறியாதவர் அல்லர். எனினும் அவர் கண்ட நாடகம் பிரிட்டிஷ் அதிகாரிக்கும் ஜப்பானிய அதிகாரிக்கும் இடையில் நிகழ்ந்தது. 1957இல் டேவிட் லீன் அதனைத் திரைப்படமாக்கினார். படப்பிடிப்பு நடந்தது இலங்கையில். தமிழர் வாழும் ஒரு தீவில் எடுக்கப்பட்டும் தமிழர் இல்லாத மரண ரயில் உலகத்தின் கண்முன் ஓடியது.

இத்தகைய சூழலில் மலேசியத் தமிழ் நாவலாசிரியரின் மீது விழுந்த பொறுப்பு வழக்கத்துக்கு மாறானது. பிறநாடுகளில் சான்றுகள் முதலில் வந்தன, புனைவு பின்னால் வந்தது. இங்கே புனைவே சான்றாகவும் இருக்கவேண்டியதாயிற்று. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வெளிவந்தது. நிகழ்ச்சி நடந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வந்தது. அண்மைக் காலத்தில் கெடாவைச் சேர்ந்த கோ. புண்ணியவான் ‘கையறு’ என்ற நாவலைத் தந்திருக்கிறார். சீ. அருண் போன்றோரின் வரலாற்றுத் தொகுப்புகளும் ஆவணப்பட முயற்சிகளும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கன.

மூன்று தலைப்புகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது பயனுடையது. முதலாவது நிகழ்ச்சிக்குப் பெயரிடுகிறது. மக்கள் வழக்கில் ‘சயாம்’ என்ற ஊர்ப்பெயராகவும் ‘ரயில் வேலை’யாகவும் மட்டும் இருந்ததோடு மரணம் என்ற சொல்லைப் பிணைத்துத் தலைப்பில் நிறுத்துகிறது. இரண்டாவது தலைப்பு ஓர் இல்லாமையைச் சுட்டுகிறது. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் பெயர்பொறித்த கல்லின்கீழ் உறங்குகிறார்கள். தமிழருக்கு அப்படியொரு கல் இல்லாதபோது நாவலே அச்சின்னமாகிறது. மூன்றாவது நம்மைச் சங்க இலக்கியத்துக்குக் கொண்டுசெல்கிறது. புறநானூற்றில் பொதுவியல் திணையின்கீழ் வரும் கையறுநிலைத் துறை, மாண்ட மன்னனையும் வள்ளலையும் எண்ணிப் புலவர் செயலற்று இரங்குவது. மன்னருக்கும் வள்ளலுக்கும் உரியதாயிருந்த அத்துறை, பால்மரம் வெட்டியவருக்கு வந்துசேர இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இத்தலைப்பைத் தேர்ந்த நுண்ணுணர்வை நாம் மதிக்கிறோம்.

இம்மூன்று தலைப்புகளும் இறந்தவரை நோக்கியே அமைந்துள்ளன என்பதும் அதே அளவுக்குக் கவனிக்கத்தக்கது. மரணம், சின்னம், கையறவு. பிழைத்தவரை நோக்கும் தலைப்பு ஒன்றுமில்லை. இது தலைப்பளவில் நிற்கும் செய்தியன்று. சயாம் புனைவுகளின் பொதுவான கட்டமைப்பு, கொண்டுசெல்லப்பட்டவரின் பின்னால் செல்வது. தோட்டத்து அமைதி, ஆள்பிடிப்பு, பெட்டிப் பயணம், காட்டு நடை, முகாம், நோய், சாவு, மிஞ்சியவரின் திரும்புதல் என்ற வரிசையே இக்கதைக்கு இயல்பாக அமைகிறது. இவ்வரிசையில் முகாம் உச்சமாகிறது. தோட்டம் தொடக்கமும் முடிவுமாகச் சுருங்குகிறது. சண்முகமும் ரெங்கசாமியும் இதனைக் கொண்டு செய்த பணி சிறியதன்று. இவர்கள் எழுதியிராவிட்டால் இன்று இப்பொருளைப் பாடமாகச் சொல்வதற்கே பனுவல் இருந்திருக்காது. அந்நன்றியைச் சொல்லிவிட்டே நம் குறையையும் சொல்கிறோம்.

குறை பெயர் எழுதும் இடத்தில் இருக்கிறது. தோட்டத்தில் அதிகாலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் பதிவேட்டில் வருகை குறிப்பது அன்றாட நிகழ்ச்சி. அப்பதிவேட்டை வைத்திருந்தவர் கிராணி. ஆட்களை முகம் பார்த்து அறிந்தவர் தண்டலும் கங்காணியும். 1941 டிசம்பரில் வெள்ளைத் துரைகள் தெற்கே ஓடிய பின்பு தோட்டத்தில் அதிகாரம் என்று மிஞ்சியது இவர்களே. ஜப்பானியர் தோட்டத்துக்குத் தோட்டம் இத்தனை பேர் வேண்டும் என்று கேட்டனர். தொடக்கத்தில் நல்ல கூலி, மூன்று மாத வேலை, உணவு உண்டு என்ற வாக்குறுதிகள் சொல்லப்பட்டன. போனவர் திரும்பாமையால் வாக்குறுதி எடுபடாது போனபோது தொகையை நிரப்பவேண்டிய கடமை உள்ளூர்க் கைகளுக்கு வந்தது. கேட்ட தொகை குறைந்தால் அடியும் உதையும் அவர்களுக்கே. தொகையை நிரப்பினால் எதிர்வீட்டுக்காரனை அனுப்பியவராவர். எவரை எழுதுவது? தனியாளை எழுதலாம், குடும்பம் அழாது. கேள்வி கேட்பவனை எழுதலாம், தொல்லை தீரும். கடன்பட்டவனை, சாதியில் தாழ்ந்தவன் எனக் கருதப்பட்டவனை, தன்னை ஒருநாள் எதிர்த்துப் பேசியவனை எழுதலாம். தன் மைத்துனன் பெயரைத் தவிர்க்கலாம். தவிர்த்த இடத்தில் வேறொரு பெயர் வந்துதான் ஆகவேண்டும்.

சயாம் கதையின் அறச்சிக்கல் முழுவதும் இந்த ஒரு தாளில் அடங்கியிருக்கிறது. நாவலில் கிராணியும் தண்டலும் கங்காணியும் இடம்பெறாமல் இல்லை. அவர்கள் பெரும்பாலும் ஜப்பானியரின் நிழல்களாகவோ பழைய தோட்டக் கதைகளில் வரும் கொடியவர்களாகவோ நடமாடுகிறார்கள். பேனாவைப் பிடித்திருந்த கையின் நடுக்கம் நமக்குக் காட்டப்படுவதில்லை. கதையின் கண் பட்டியலில் இருப்பவனோடு பெட்டியில் ஏறிவிடுகிறது. பட்டியலை எழுதியவனோடு அன்றிரவு வீட்டுக்குச் செல்வதில்லை.

கெட்டோ இலக்கியம் அவ்வீட்டுக்குச் சென்றது. வார்சாவின் யூதர் அவைத் தலைவராக ஜெர்மானியர் அமர்த்திய ஆடம் செர்னியாகோவ், 1939 முதல் நாட்குறிப்பு எழுதிவந்தார். 1942 ஜூலையில் நாடுகடத்தலுக்கு நாள்தோறும் ஆள் தருமாறு ஆணை வந்தது. மறுநாள், ஜூலை 23இல், அவர் தம் அலுவலகத்திலேயே நஞ்சருந்தி மாண்டார். லோட்ஸ் கெட்டோவின் தலைவர் ருங்கோவ்ஸ்கி வேறுவழி சென்றார். உழைக்கக் கூடியவரைக் காப்பாற்றுவதாக எண்ணி 1942 செப்டம்பரில் குழந்தைகளையும் முதியோரையும் ஒப்படைக்குமாறு பெற்றோரிடமே வேண்டினார். ஈராண்டுக்குப் பின் அவரும் அவுஷ்விட்ஸில் முடிந்தார். ஒருவர் இறந்து தப்பினார், ஒருவர் பிறரைக் கொடுத்துத் தாமும் தப்பவில்லை. இவ்விருவரைப் பற்றியும் யூத எழுத்தாளர்களும் வரலாற்றாசிரியர்களும் பல பத்தாண்டுகள் வாதிட்டனர். அவுஷ்விட்ஸில் பிழைத்த இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லெவி 1986இல் வெளியிட்ட தம் கடைசி நூல்களுள் ஒன்றில், ஒடுக்குபவனுக்கும் ஒடுக்கப்பட்டவனுக்கும் இடையே விரியும் இடத்தைச் ‘சாம்பல் வலயம்’ என்று குறித்து, ருங்கோவ்ஸ்கியை அங்கே வைத்து நீண்ட நேரம் நோக்கினார். தீர்ப்பு வழங்க அவர் விரையவில்லை. அங்கே நின்றிராத எவரும் எளிதில் தீர்ப்பளிக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அதே வேளையில், செய்தது தவறில்லை என்று சொல்லவும் அவர் ஒப்பவில்லை.

நம்மிடம் அவ்வாதம் நடக்கவில்லை. ஏன் என்று எண்ணிப் பார்க்கலாம். கெட்டோவில் தலைவரும் மக்களும் பெரும்பாலும் ஒருசேர அழிந்தனர். பிழைத்தவர் உலகெங்கும் சிதறினர். கெடாவில் அவ்வாறன்று. போருக்குப் பின் துரை திரும்பி வந்தார், கிராணி அதே அலுவலகத்தில் அமர்ந்தார், சயாமிலிருந்து மீண்டவன் அதே பிரட்டில் நின்று அதே கிராணி பெயர் கூப்பிட ‘வந்தேன்’ என்றான். எழுதியவரின் மகனும் எழுதப்பட்டவரின் மகனும் ஒரே தோட்டப் பள்ளியில் படித்தனர். ஒரே மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுத்தனர். சில வேளை சம்பந்தமும் செய்துகொண்டனர். இத்தகைய அண்மையில் வாழவேண்டிய சமூகம் எழுவாயை மறைத்துப் பேசக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. ‘பேர் எழுதினாங்க’ என்ற வாக்கியம் மறதியால் பிறந்தது என்று நாம் கருதவில்லை. சேர்ந்து வாழ்வதற்கென மக்கள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு அது. மக்கள் அவ்வாறு செய்தது சரியே. நாவலாசிரியர் அதே ஏற்பாட்டுக்குக் கட்டுப்படவேண்டுமா என்பதே கேள்வி.

பட்டியலில் இல்லாதவர் கதைக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. தோட்டத்திலேயே தங்கியோர், குறிப்பாகப் பெண்கள், எவ்வாறு பிழைத்தனர்? ரப்பர் வாங்குவாரின்றிப் பால்வெட்டு நின்றது, கூலி நின்றது. கெடா நெல் விளையும் மாநிலம். வயல்வெளிக்கு நடந்துபோகும் தொலைவில் இருந்த லயங்களில் அரிசி காணக் கிடைக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். அதன் இலையையும் சமைத்தார்கள். வாழை மரம் பொறித்த ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. துணியின்றிக் கோணிச் சாக்கை உடுத்தினர். மலேரியாவும் சொறி புண்ணும் பெரிபெரியும் முகாமுக்கு மட்டும் உரியவையல்ல. வார்சாவில் மதில் தாண்டிய சிறுவர்களைப் போல, கிழங்குக்கும் உப்புக்கும் ஊரூராக நடந்த பிள்ளைகள் இங்கும் இருந்தார்கள். ஆண் துணையற்ற பெண் வேறொருவனோடு சேர்ந்து வாழத் தலைப்பட்டதும், இறந்தான் என நம்பப்பட்டவன் 1945க்குப் பின் எலும்புக்கூடாய் வாசலில் வந்து நின்றதும் வாய்மொழிக் கதைகளில் மீண்டும் மீண்டும் வருவன. இந்நிகழ்ச்சியைக் கண்ணீர்க் காட்சியாக்குவது எளிது. பெண்ணின் கற்பு வழுவியதா என்ற கேள்வியாக்குவது அதனினும் எளிது. அவள் தன் இரு குழந்தைகளை உயிரோடு வைத்திருக்கச் செய்த முடிவு அது என்று கணக்கெழுதுவது போல நிதானமாகச் சொல்லும் பனுவலுக்கே நாம் காத்திருக்கிறோம். கெட்டோவின் நாட்குறிப்புகளை வாசிக்கும்போது நம்மைத் தாக்குவது அழுகையன்று; ரொட்டியின் விலை, விறகின் விலை, ஒரு பாட்டியின் மேலங்கியை விற்றுக் கிடைத்த உருளைக்கிழங்கின் எடை போன்ற செய்திகளே. நம் புனைவுகள் இரங்கலில் செல்வமுடையன. கணக்கில் ஏழ்மையுடையன.

இவ்விடத்து மற்றொரு நினைவின் போட்டியையும் சொல்லவேண்டும். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தமிழ் இளைஞரும் ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்களும் சேர்ந்தனர். நாட்டுப்பற்றால் சேர்ந்தவர் பலர். சயாமுக்கு அனுப்பப்படாமல் தப்பச் சேர்ந்தவரும் பலர். இவ்விரண்டாம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்வதில் நம் இலக்கியத்துக்குக் கூச்சம் இருக்கிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) போர்க்காலத்துத் தென்கிழக்காசியாவைப் பற்றிய தமிழ் நாவல்களுள் தலையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. மேடான் நகரத்தில் ஜப்பானியர் வெட்டிக் காட்சிக்கு வைத்த தலைகளை அவர் கலங்காமல் பார்க்கிறார். வட்டிக்கடைப் பையன்களின் அச்சமும் பேராசையும் எள்ளலும் அவருக்குக் கைவந்தவை. ஆனால் அவர் உலகம் கடைத்தெருவின் உலகம். கதைத்தலைவன் சீருடை அணிந்தவன். லயத்துக் கூலி அதில் தொலைவில் தெரியும் கூட்டமே. சிங்காரத்தின் அந்தக் கலங்காத கண் தோட்டத்துப் பெயர்ப்பட்டியலின்மீது விழுந்திருந்தால் என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

பிழைத்தவர் வாயடைத்துப் போனார், அதனால்தான் இலக்கியமும் வாய் திறக்கவில்லை என்று ஒரு கருத்து நிலவுகிறது. கெடாவின் வரலாறு அதற்கு எதிராகப் பேசுகிறது. போர் முடிந்த ஓரிரு ஆண்டுக்குள் பீடோங் வட்டாரத்தில் ஹார்வார்ட் தோட்டத்தைச் சார்ந்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை மறியலில் தொடங்கிய அவ்வியக்கம் கூலிக்கும் தன்மானத்துக்குமான போராட்டமாக வளர்ந்தது. 1947இல் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீசாரோடு மோதல் நிகழ்ந்து உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. ஈராண்டுக்கு முன் கோணி உடுத்திக் கிழங்கு தின்றவர்களே அணிவகுத்து நடந்தனர். ஜப்பானியரிடமும் சயாமிலும் கண்டதைக் கண்டபின் துரைக்கும் கிராணிக்கும் முன்போல் அஞ்சுவது அவர்களால் இயலவில்லை என்று இதனை விளங்கிக்கொள்வதில் தவறில்லை. சயாமிலிருந்து மீண்டவன் வீடு சேர்வதோடு கதையை முடித்துவிடும் நாவல் தன் இரண்டாம் பாதியை எழுதாமல் விடுகிறது. இறந்தவருக்கு இரங்கும் துறை நமக்குப் புறநானூற்றிலிருந்து வந்திருக்கிறது. மீண்டவன் பேசும் துறை இனித்தான் வரவேண்டும்.

வகுப்பறையில் இப்புனைவுகளைக் கற்பிக்கும் ஆசிரியர் எதிர்கொள்ளும் நிலையும் இதனோடு தொடர்புடையது. ஆன் ஃபிராங்கின் பெயரை நம் மாணவர் அறிந்திருக்கிறார்கள். தம் கொள்ளுப்பாட்டனின் பெயரை அறியார். சயாம் நாவலைப் பாடமாக்கும்போது ஜப்பானியர் கொடுமை என்ற ஒற்றைத் தலைப்பில் குறிப்பெழுதச் சொல்லி முடித்துவிடுவது தேர்வுக்கு வசதியானது. அதற்கு மாறாக, கதையில் பெயர் எழுதப்படும் பக்கத்தில் நிறுத்தி, ‘கேட்டது பத்துப் பேர்; நீ கிராணியாக இருந்தால்?’ என்று ஒரு வினாவை எழுப்பினால் பாடம் வேறாகும். மாணவர்களிடையே கிராணியின் பேரப்பிள்ளையும் இருக்கலாம் என்பதை ஆசிரியர் நினைவிற்கொள்வது நலம். அவ்வினா எவரையும் கூண்டில் ஏற்றுவதற்காக எழுப்பப்படுவதன்று.

2023இல் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளருக்கென ஒரு நடுகல் நாட்டப்பட்டது. ஆநிரை மீட்கப் போரிட்டு வீழ்ந்தவனின் பெயரும் பீடும் எழுதி நிறுத்துவது பழந்தமிழர் நடுகல். காஞ்சனபுரிக் கல்லுக்குரியவர்கள் ஆயிரமாயிரம் பேர். அவர்களின் பெயர்களைப் பொறிக்க எவரிடமும் பட்டியல் இல்லை. பலருக்கு அவர்களின் பெயர் கடைசியாக எழுத்தில் இடம்பெற்றது தோட்ட அலுவலகத்தில் கிராணி எழுதிய அந்தத் தாளில்தான். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் லூனாஸிலும் வாய்மொழிச் சான்று திரட்டுவோர் இதுவரை பெரும்பாலும் போனவரின் பிள்ளைகளையே தேடிச் சென்றிருக்கின்றனர். எழுதியவர்களின் பிள்ளைகளும் முதுமையுற்று அதே ஊர்களில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய வாசற்கதவை நாம் இன்னும் தட்டவில்லை.